மார்த்தா மால்ட் அம்மையார்

திருவிதாங்கூர் நாட்டின் தென்கோடியில் இருநூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஏழைப் பெண்ணொருத்தியின் ஒரு நாள் எவ்வாறு கழிந்தது என்பதை அறிந்தாலன்றி, மால்ட் அம்மையாரின் சரித்திரம் நமக்குச் செவ்வனே விளங்காது. கோழி கூவும் நேரத்தில் அவள் கணவன் பனைமேல் இருப்பான். அவன் இறக்கிய அக்கானியை, அஃதாவது பதநீரை, அவள் சுமந்து வந்து அடுப்பேற்றுவாள். அந்த அடுப்புக்கு வேண்டும் சுள்ளியும் சருகும் காய்ந்த ஓலையும் தேடிச் சேர்ப்பவளும் அவளே. நெடுநேரம் புகையினிடையே நின்று துழாவி, பாகு பதமான பின்னர்ச் சிரட்டைகளில் வார்த்துக் கருப்பட்டியாக்குவாள். பின்பு அதனைத் தலைச்சுமையாகச் சந்தைக்குக் கொண்டு போதலும் உண்டு. பருவம் முடிந்ததும் அத்தொழிலும் நின்றுவிடும். மரமோ பலருக்குச் சொந்தமன்று, பாட்டத்திற்கு எடுத்ததேயாம். பாட்டமும், சர்க்காருக்குச் செலுத்தும் பற்பல இறைகளும், பஞ்சகாலத்தில் வாங்கிய கடனும் போக எஞ்சியது எத்துணை என்று கேட்டல் வீண்.

அவளுக்கும் கீழே ஒருத்தி இருந்தாள். புலையர், பறையர் முதலிய வகுப்பாருள் மிகப் பலர் அந்நாளில் அடிமைகள். வயலை விற்றால் வயலோடு அவர்களும் கைமாறினர்; அடகு வைத்தலும் குத்தகைக்கு விடுதலும் வழக்கமாயிருந்தன. அடிமைப் பெண்ணின் வயிற்றிற் பிறக்கும் மகவும் பிறக்குமுன்னரே ஒருவனது உடைமை. அவள் எவ்வளவு உழைத்தாலும் அவ்வுழைப்புக்கு விலை இல்லை. அவளுக்கோ விலை உண்டு! இந்தத் தலைகீழான கணக்கை ஒரு சிறு மூலையிலேனும் நேராக்க முயன்றவரே நம் அம்மையார்.

மார்த்தா அம்மையார் 1794ஆம் ஆண்டில் இங்கிலாந்து தேசத்திற் பிறந்தவர். மணத்திற்குமுன் அவர் பெயர் மார்த்தா மீட் என்பது. லண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த சார்லஸ் மால்ட் ஐயருக்கு வாழ்க்கைத் துணைவியாகி, 1819ஆம் ஆண்டு டிசம்பரில் அவரோடு நாகர்கோயில் வந்து சேர்ந்தார். ரிங்கல்தௌபே ஐயர் மயிலாடியில் விதைத்துச் சென்ற பணியை 1818 முதல் சார்லஸ் மீட் ஐயர் நாகர்கோயிலில் நடத்தி வந்தார். மிஷன் சங்கத்தின் ஏட்டிலே போதகர் பெயரே ஊழியராக எழுதப்படும், சம்பளமும் அவருக்கே. மனைவியார் போதகரின் மனைவியார், அவ்வளவே. அச்சங்கம் மணமாகாத பெண்மணிகளைத் தனியே ஊழியத்திற்கு நியமித்தது அரை நூற்றாண்டுக்குப் பின்னர்தான். ஆதலின் மால்ட் அம்மையார் முப்பத்தைந்து ஆண்டு செய்த வேலைக்குச் சங்கத்தின் கணக்கில் ஊதியம் என ஒன்று இல்லை. பிறர் கைவேலைக்குக் கூலி கிடைக்க வழி தேடியவரின் நிலை இவ்வாறிருந்தது விந்தையே.

வந்தவுடன் அம்மையாரும் மீட் ஐயரின் துணைவியாரும் பெண்மக்களுக்கென விடுதியோடு கூடிய பள்ளியொன்றைத் தொடங்கினர். அக்காலத்தில் எழுத்தறிந்த பெண் என்றால் கோயிலில் நடனமாடும் தேவதாசியரே ஜனங்களின் நினைவுக்கு வருவர். குலப்பெண்ணுக்கு ஏடு எதற்கு என்பது பொதுவான எண்ணம். அன்றியும், ஏழைக் குடும்பத்தில் எட்டு வயதுப் பெண் சும்மா இருப்பவளல்லள். தம்பியைத் தூக்குவதும், தண்ணீர் எடுப்பதும், சருகு பொறுக்குவதும் அவள் வேலை. அவளைப் பள்ளிக்கு அனுப்புதல் வீட்டின் ஒரு கையை இழத்தற்கு ஒப்பாம். இதனை அறிந்தே உணவும் உடையும் கொடுத்து விடுதியில் வைத்துக் கற்பித்தனர். செலவின் ஒரு பகுதி சீமையிலுள்ள தருமவான்களிடமிருந்து வந்தது. பணம் அனுப்பும் சீமாட்டியின் பெயரை ஒரு சிறுமிக்குச் சூட்டும் வழக்கமும் இருந்தது. தாய் இட்ட பெயர் போய் அயல்நாட்டுப் பெயரோடு வளர்ந்த சிறுமியர் அதனை எவ்வாறு கருதினரோ!

தருமப் பணத்தை நம்பி ஒரு பள்ளி எத்துணைக் காலம் நடக்கும்? சீமையில் ஒரு வருஷம் வியாபாரம் குன்றினால் நாகர்கோயிலில் அடுப்பு எரியாது. மேலும், எழுதப் படிக்கக் கற்று வீடு திரும்பும் பெண் மீண்டும் பழைய வறுமையிலேதான் புக வேண்டும். இவ்விரண்டு இடர்ப்பாட்டிற்கும் விடையாக, 1821ஆம் ஆண்டையொட்டி, அம்மையார் தமது மாணவிகளுக்கு லேஸ் பின்னக் கற்பித்தார்.

லேஸ் வேலை இங்கிலாந்தின் டெவன்ஷயர், பக்கிங்காம்ஷயர் முதலிய பகுதிகளில் ஏழைப் பெண்டிரின் தொழிலாய் இருந்தது. அரசிகளின் ஆடையை அழகு செய்த அப்பொருளைப் பின்னியவர்கள் அரைவயிறு உண்டவர்கள். லேஸ் வாங்கும் வணிகன் கூலியைக் காசாகக் கொடாமல், தன் கடையிலுள்ள மாவும் துணியும் தான் வைத்த விலைக்கே கணக்கிட்டுக் கொடுப்பான். அதனைத் தடுக்க 1779ஆம் ஆண்டில் பார்லிமெண்டு ஒரு சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. அதன் பின்னரும் அவ்வழக்கம் ஒழிந்தபாடில்லை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹீத்கோட் என்பார் லேஸ் வலை நெய்யும் இயந்திரத்தை அமைத்தபோது கைத்தொழிலாளர் பாடு மேலும் திண்டாட்டமாயிற்று. ஆகவே லேஸ் தானாகவே வறுமையைப் போக்கும் மந்திரக்கோல் அன்று. எவர் வாங்குகிறார், என்ன விலை தருகிறார், அவ்விலை எவர் கையிற் சேருகிறது என்பவற்றைப் பொறுத்தே அது வாழ்வும் ஆகும், தாழ்வும் ஆகும்.

அவ்வேலையின் முறையை அறியாத மாணவர்க்குச் சிறிது கூறுவேன். இறுகத் திணித்த தலையணையொன்றின்மேல், துளைகளாற் சித்திரம் குறித்த தடித்த தாளைப் பொருத்துவர். நூல் சுற்றிய சிறு மரக்கோல்கள் தலையணையின் முன்பக்கம் தொங்கும். சிறு வேலைக்குச் சில ஜதைகளும், அகன்ற பட்டைக்குப் பல ஜதைகளும் வேண்டும். இக்கோல்களை ஒன்றன்மேலொன்று மாற்றியும் முறுக்கியும், முடிந்த இடத்தில் துளையிற் குண்டூசி குத்தியும் வர, நூல் பூவும் இலையும் வலையுமாக உருப்பெறும். நாள் முழுதும் குனிந்திருந்தாலும் வேலை விரற்கணக்கிலேதான் வளரும். ஒரு கோல் மாறினால் சித்திரம் கெடும்; ஆதலின் எண்ணத் தெரிதல் வேண்டும். வெள்ளை நூலில் அழுக்குப் படலாகாது. ஆதலின் கையும் உடையும் இருக்குமிடமும் தூய்மையாயிருத்தல் வேண்டும். நாம் கண்டவரையில், இதனைப் பார்க்கும் ஆடவர் சில நிமிஷங்களிற் கொட்டாவி விடுவர். பின்னும் பெண்மணியோ அயலாளோடு பேசிக்கொண்டே விரலோட்டுவாள்.

ஏன் இத்தொழில் அந்நாட்டு ஏழைப் பெண்ணுக்குப் பொருந்திற்று? தறி வேண்டாம், நிலம் வேண்டாம், மாடு வேண்டாம். நூலைப் பள்ளி கொடுத்தால், எஞ்சிய முதல் அவள் விரல்களே. வீட்டுத் திண்ணையிலிருந்தும் செய்யலாம். முடிந்த சரக்கு எடையில் மிகக் குறைவு, விலையில் மிகுதி. கருப்பட்டி மூட்டையைத் தூக்கிக்கொண்டு அடுத்த சந்தைக்குப் போவதே பெரும்பாடு. லேஸையோ ஒரு சிறு பெட்டியில் வைத்துக் கடல் கடந்து அனுப்பலாம். அம்மையாருக்கு இராஜதானியிலிருந்த ஐரோப்பியக் குடும்பங்களோடும் சீமையிலிருந்த நண்பர்களோடும் தொடர்பு இருந்தது. அத்தொடர்பே சந்தையாயிற்று. இடையில் தரகன் இல்லை. விற்று வந்த தொகை பள்ளியைத் தாங்கியதோடு பின்னியவர்களுக்கும் ஊதியமாகக் கிடைத்தது.

இனிக் கூறுவதே இச்சரித்திரத்தின் உயிர்நிலை. பள்ளியிற் சேர்ந்த சிறுமியருட் சிலர் அடிமைகள். அவர்கள் உடல் இன்னொருவன் சொத்து. அவர்களுக்காகப் பிறர் பணம் கொடுத்து மீட்டிருத்தல் கூடும், அது தருமமே. ஆனால் நாகர்கோயிலில் நிகழ்ந்தது வேறு. அச்சிறுமியர் தாம் பின்னிய லேஸின் விலையைச் சேர்த்து, எஜமானனுக்குத் தம் விலையைச் செலுத்தி, தாமே தம்மை மீட்டுக்கொண்டனர். அவர்கள் பெயர்கள் நமக்குத் தெரிந்தில. எனினும் அந்தக் காட்சியைச் சற்றே எண்ணுக. பத்துப் பன்னிரண்டு வயதுப் பெண்ணொருத்தி, தன்னை விற்கவும் வாங்கவும் கூடிய ஓர் ஊரில், தன் விரல்களின் வேலைக்கு இன்ன விலை என்று முதன்முதலாக அறிகிறாள். அவ்விலை தன்னுடையது என்றும் அறிகிறாள். பின்பு ஒரு நாள் தன் விலையும் அதுவும் சமமாகின்றன. நாட்டிலே அடிமைத்தனம் சட்டப்படி ஒழிந்தது 1855ஆம் ஆண்டில். மிஷனெரிமார் அதன்பொருட்டு மகாராஜாவுக்கு விண்ணப்பம் செய்தது 1847ஆம் ஆண்டில். இந்தப் பெண்களோ அவ்விரண்டிற்கும் முன்பே தலையணைமேற் கோல் மாற்றி அந்தக் காரியத்தை முடித்தவர்கள்.

ஊசியும் நூலும் மற்றொரு வகையிலும் அந்நாட்டைக் கலக்கின. தாழ்ந்தோர் என ஒதுக்கப்பட்ட வகுப்புப் பெண்கள் மார்பை மறைத்தலாகாது என்பது அந்நாளைய வழக்கு. மீட் அம்மையாரும் மால்ட் அம்மையாரும் தம் மாணவிகளுக்குத் தளர்ந்த குப்பாயமொன்றைத் தைத்து அணியச் செய்தனர். 1822 தொடங்கி இதன்பொருட்டுச் சந்தைகளிலும் வழிகளிலும் பெண்களின் ஆடை கிழிக்கப்பட்டது. 1829ஆம் ஆண்டின் இராஜ விளம்பரம் குப்பாயத்தை அனுமதித்தது. உயர்குலப் பெண்டிரைப்போல மேற்சீலை அணிதலைத் தடுத்தது. 1859இல் மீண்டும் பெருங்கலகம் மூண்டு, அவ்வாண்டு ஜூலையில் வேறொரு விளம்பரம் பிறந்த பின்னரே நிலைமை சிறிது மாறியது. சீமையில் ஒரு சீமாட்டியின் கழுத்தை அலங்கரிக்க லேஸ் பின்னிய பெண், தன் மார்பை மூட முழத் துணிக்காக அடிபட்டாள் என்பதை நினையாமல் இத்தொழிலின் அழகை மட்டும் புகழ்தல் தகாது.

அம்மையாரின் முறையில் குறையே இல்லை என்று யாம் சொல்ல முன்வரவில்லை. கற்பிப்பவரும் அவர், நூல் தருபவரும் அவர், சரக்கை வாங்கி விற்பவரும் அவர். இவ்வளவும் ஒரு கையில் இருக்கும்போது, அக்கை அன்புள்ளதாயிருத்தல் ஒன்றே தொழிலாளிக்குக் காவல். அன்புள்ளவர் போய் ஆதாயம் தேடுவோர் வந்தால் என்னாகும் என்பதற்கு வேறோர் ஊர் சான்று. கோதாவரிப் பகுதியிலுள்ள நரசாபுரத்திலும் 19ஆம் நூற்றாண்டில் மிஷனெரிமார் லேஸ் வேலையைத் தொடங்கினர். காலப்போக்கில் அது ஏற்றுமதி வணிகர் கைக்குச் சென்றது. மரியா மீஸ் என்னும் ஜெர்மன் அறிஞர் அங்குச் சென்று ஆராய்ந்து 1982இல் நூலொன்று வெளியிட்டார். வீட்டுக்குள்ளிருந்து நாள் முழுதும் பின்னும் பெண்டிரை வெறும் இல்லத்தரசிகள் என்றும், அவர்கள் வேலையைப் பொழுதுபோக்கு என்றும் எல்லோரும் கருதியமையால், கூலி அற்பமாகவும் இலாபம் வணிகருக்கு ஏராளமாகவும் போயின என்பதை அவர் விளக்கினார். அதே நூல், அதே பொறுமை, அதே பெண்கை. கணக்கு மட்டும் டெவன்ஷயர்க் கணக்காயிற்று. நியாய வாணிபம் என்று இக்காலத்தார் கூறுவது இந்தக் கணக்கைப் பற்றியதேயன்றி வேறன்று.

மால்ட் ஐயர் பள்ளிகளையும் அச்சுக்கூடத்தையும் சபைகளையும் மேற்பார்த்து வந்தார். அவற்றை விரித்தல் இங்கு வேண்டா. மீட் ஐயர் குடும்பம் 1828இல் நெய்யூருக்குப் பெயர்ந்த பின்னர், நாகர்கோயில் விடுதிப் பள்ளியின் பாரம் முழுதும் மால்ட் அம்மையாரையே சார்ந்தது. அவருடைய மகள் எலைசா, தாயின் பள்ளிச் சிறுமியரோடு தமிழ் பேசி வளர்ந்தவர். 1844இல் அவரை மணந்து இடையன்குடிக்கு அழைத்துச் சென்றவர், பின்னர்த் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தால் உலகறிந்த கால்டுவெல் ஐயரே. கால்டுவெல்லின் தமிழ்ப் புலமையை நாம் போற்றுகிறோம். மனையில் அவருக்குப் பேச்சுத் தமிழின் நயத்தை அறிவித்தவர் நாகர்கோயிற் பெண் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். எலைசா அம்மையார் தாயின் தலையணையையும் மரக்கோல்களையும் அத்தேரிக்காட்டிற்குக் கொண்டுசென்றார் என்றே சொல்லலாம். இடையன்குடி லேஸ் அவ்வாறு பிறந்தது. அங்கும் பனையும் மணலும் வறுமையும் நாகர்கோயிற் புறத்தில் இருந்தவையே.

ஏறக்குறைய முப்பத்தைந்து ஆண்டு உழைத்தபின், 1850களின் நடுவில் மால்ட் தம்பதியர் உடல் தளர்ந்து தாய்நாடு திரும்பினர். ஐயர் 1858இல் காலமானார். அம்மையார் அதன்பின் பன்னிரண்டு ஆண்டு வாழ்ந்து 1870இல் மறைந்தார். நாகர்கோயிலில் அவர் தொடங்கிய பெண்பள்ளி பின்னாளில் வந்த டதி ஐயரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஊரார் டதிப் பள்ளி என்றே வழங்குவர். அங்குப் பயின்ற சகோதரிகள் பலர் தம் பாட்டிமார் வைத்திருந்த லேஸ் தலையணையைக் கண்டிருத்தல் கூடும். பஞ்சு பிதுங்கிய அத்தலையணைகளும், கை பட்டு வழவழப்பேறிய மரக்கோல்களும் பரணில் எங்கேனும் கிடந்தால், எலி கடிக்க விடாமல் எடுத்து வைப்பார்களாக.