தழும்பு இருந்தது, கசப்பு இல்லை



அமெரிக்காவின் மேரிலாந்து மாகாணத்தில், ஏறக்குறைய 1822-ஆம் வருஷம், அடிமைக் குடும்பத்தில் பிறந்தவர் ஹாரியட் டப்மன். அவருக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயது இருக்கும். பக்டவுன் என்ற ஊரிலே ஒரு கடை வாசலில், தப்பி ஓடிய ஓர் அடிமைமேல் கங்காணி இரண்டு பவுண்டு எடைக்கல்லை வீசினான். அது குறிதவறி இந்தச் சிறுமியின் தலையைத் தாக்கி, மண்டையோடு உடைந்தது. வைத்தியம் ஒன்றும் இல்லை. காயம் ஆறுமுன்னே திரும்ப வயலுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அதுமுதல் பேசிக்கொண்டிருக்கும்போதே அப்படியே தூங்கிப்போவார். அந்நேரங்களில் தரிசனங்கள் வரும். இந்நாள் வைத்தியர்கள் பலர் அதை ஒருவகை வலிப்பு என்று கருதுகிறார்கள். அவரோ, ஆண்டவர் தன்னோடு பேசுகிறார் என்றே சாட்சி சொன்னார்.

தலைக்காயத்தைவிட மனக்காயம் பெரிசு. கூடப்பிறந்த சகோதரிகளைத் தூரதேசத்துக்கு விற்றுவிட்டார்கள். எஜமான் மனந்திரும்பவேண்டுமென்று மாதக்கணக்காய் ஜெபித்தார். தன்னையும் விற்கப்போகிறான் என்று கேள்விப்பட்டதும், அவன் மாறாவிட்டால் செத்துப்போகட்டும் என்று ஜெபித்துவிட்டார். 1849 மார்ச்சில் அவன் செத்தே போனான். ஹாரியட் சந்தோஷப்பட்டாரா? இல்லை. அந்த ஜெபத்தை நினைத்து நினைத்து வருந்தினார்.

அந்த வருஷமே தப்பி, பென்சில்வேனியாவுக்குப் போய்ச் சேர்ந்தார். விடுதலை கிடைத்தது, ஆனால் வாவென்று சொல்ல அங்கே ஒருவருமில்லை. தாயும் சகோதரரும் இன்னும் கட்டிலே இருந்தார்கள். சும்மா உட்கார்ந்து ஸ்தோத்திரம் சொல்ல அவரால் முடியவில்லை. ஏறக்குறைய 13 தடவை திரும்பிப்போய், சுமார் 70 பேரை இரவிலே நடத்திக்கொண்டு வந்தார். வழியில் தூக்கம் அவரைத் தள்ளிவிடும். கூட இருப்பவர்கள் அவர் விழிக்குமட்டும் காத்திருப்பார்கள். ஒருவரையும் அவர் இழக்கவில்லை. ஜனங்கள் அவரை மோசே என்று அழைத்தார்கள்.

வயதான காலத்தில் தலைவலி தாங்கமுடியாமல் பாஸ்டன் நகரத்தில் மண்டையிலே ஆபரேஷன் செய்துகொண்டார். ஓரளவு ஆறுதல் கிடைத்தது. தான் ஏழையாயிருந்தும், முதியோருக்கென்று நிலம் கொடுத்தார். 1908-இல் திறக்கப்பட்ட அந்த இல்லத்திலேயே 1913 மார்ச் 10-ஆம் தேதி கண்மூடினார்.

அன்பான சகோதரனே, சகோதரியே, தலையில் அடிபட்டபின் காரணமில்லாமல் கோபமும் அழுகையும் வருகிறதா? அது விசுவாசக் குறைவு அல்ல. ஜெபியுங்கள், டாக்டரையும் பாருங்கள். முழு சுகம் வந்தபிறகு நன்றி சொல்லலாம் என்று காத்திருக்கவேண்டாம். ஹாரியட்டுக்கு முழு சுகம் கடைசிவரை வரவில்லை. ஆனாலும் அவருடைய நன்றி 70 பேருக்கு விடுதலையாயிற்று. நம்முடைய நன்றி யாருக்கு ஆறுதலாகும்?