வாலில்லாமல் பறக்க வைத்தவர்

விமானம் என்றதும் உங்கள் மனசில் என்ன படம் வருகிறது? நீளமாக ஓர் உடம்பு, இரண்டு பக்கமும் இறக்கை, பின்னால் வால். சின்னப் பிள்ளைகூட அப்படித்தான் வரையும். அந்த வாலை எடுத்துவிட்டு, இறக்கையை மட்டும் நம்பிப் பறக்க முடியுமா? முடியும் என்று 1910-லேயே செய்து காட்டினார் ஒருவர். மேல்நாட்டில் இவரைக் கனவுகளைப் பற்றிப் புத்தகம் எழுதியவராகத்தான் பலருக்கும் தெரியும். நான் இங்கே சொல்ல வந்தது அவருடைய பட்டறைக் கதையை.

பெயர் ஜான் வில்லியம் டன். பெயரில்தான் டன், ஆள் நோயாளி!

1875 டிசம்பர் 2-ஆம் தேதி அயர்லாந்தில் கில்டேர் பகுதியில் உள்ள கர்ரா ராணுவ முகாமில் பிறந்தவர். அப்பா ஜெனரல் பதவி வரை உயர்ந்த ராணுவ அதிகாரி. பிள்ளையும் பட்டாளத்துக்கே போனார். தென் ஆப்பிரிக்காவில் போயர் போர் நடந்துகொண்டிருந்த காலம். 1900-இல் டைபாய்டு காய்ச்சல் அவரை வீட்டுக்குத் திருப்பி அனுப்பியது. தேறி எழுந்து 1902-இல் மறுபடியும் போனார். இந்தத் தடவை இதய நோய் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். 1903-இல் மீண்டும் இங்கிலாந்து. வயசு இருபத்தேழு. கையில் நோய் விடுப்பு, முன்னால் காலியான நாட்கள். நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்திருப்போம். அவர் சின்னச் சின்ன மாடல்களைச் செய்து பறக்கவிட ஆரம்பித்தார். நாவலாசிரியர் எச். ஜி. வெல்ஸ் அவருக்கு நண்பர். அவரும் உற்சாகம் கொடுத்தார்.

அதே 1903 டிசம்பரில் அமெரிக்காவில் ரைட் சகோதரர்கள் பறந்துவிட்டார்கள். ஆனால் அவர்களுடைய விமானம் தானாக நிலைத்து நிற்காது. ஓட்டுகிறவர் விநாடிக்கு விநாடி திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். கம்பி மேல் நடப்பவன் கையில் கோலை ஆட்டிக்கொண்டே போவானே, அந்த மாதிரி. டன் கேட்ட கேள்வியே வேறு. ஆள் கையை எடுத்தாலும் தானே சமன் செய்துகொள்ளும் விமானத்தை ஏன் செய்யக் கூடாது?

இயற்கையில் அப்படி ஒரு விதை உண்டு. ஜாவா பக்கத்துக் காடுகளில் உயரமான மரங்களில் படரும் ஜனோனியா என்ற கொடியின் விதை அது. உள்ளங்கையை விடச் சற்று அகலமான, வெங்காயச் சருகு போல மெல்லிய இறக்கை. நடுவில் விதை. வால் கிடையாது. ஆனாலும் காற்றில் குப்புறக் கவிழாமல் மெதுவாக மிதந்து வரும்.

டன் பிடித்த வழி இது. இரண்டு இறக்கைகளையும் பின்னோக்கிச் சாய்த்து ஆங்கில 'வி' வடிவில் வைத்தார். நடுவிலிருந்து நுனிக்குப் போகப் போக இறக்கையைக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினார். நுனியில் முன் விளிம்பு தாழ்ந்து, பின் விளிம்பு தூக்கியிருக்கும். இறக்கை பின்னால் சாய்ந்திருப்பதால் நுனிகள் ஈர்ப்பு மையத்துக்கும் பின்னால் வந்துவிடுகின்றன. இப்போது நுனிகளே வாலின் வேலையைச் செய்யும்! மூக்கு மேலே போனால் நுனிகளுக்கு ஏற்றுவிசை கூடி, பின்பக்கத்தைத் தூக்கி மூக்கை இறக்கும். மூக்கு கீழே போனால் அதே நுனிகள் பின்பக்கத்தை அமுக்கி மூக்கைத் தூக்கும். யாரும் எதையும் தொட வேண்டாம்.

படித்தபோது எனக்குப் பாதிதான் புரிந்தது. சரி, செய்தே பார்த்துவிடுவோம் என்று நம்ம ஒர்க் ஷாப் மூலையில் உட்கார்ந்துவிட்டேன். 3 மி.மீ. பால்சா பலகையில் இரண்டு இறக்கை. மையத்திலிருந்து நுனி வரை ஒவ்வொரு பக்கமும் 30 செ.மீ.; முன்னிருந்து பின்னாக 10 செ.மீ.; பின்சாய்வு 30 டிகிரி. நுனிப் பகுதியைக் கெட்டில் ஆவியில் காட்டி இளக்கி, பின் விளிம்புக்கு அடியில் 7 மி.மீ. கட்டை கொடுத்து, குண்டூசி குத்தி ஒரு ராத்திரி காயவிட்டால் சுமார் 4 டிகிரி முறுக்கு கிடைத்துவிடும். நுனிகளில் கட்டைவிரல் அகலத்துக்கு நிமிர்ந்த துடுப்பு. மூக்கில் ஒரு குச்சியை நீட்டி அதில் களிமண் உருண்டை. 'வி'யின் முனையிலிருந்து 10 செ.மீ. பின்னால், இரண்டு விரல் நுனியில் வைத்தால் மட்டமாக நிற்க வேண்டும். கணக்கு அவ்வளவுதான்.

ஆனால் கணக்கு வேறு, காற்று வேறு. காற்று அடங்கிய சாயங்காலம் மைதானத்தில் தோள் உயரத்திலிருந்து மெதுவாக விட்டுப் பார்க்க வேண்டும். குப்புறப் பாய்கிறதா? களிமண்ணில் ஒரு சிட்டிகை எடு. அல்லது இரண்டு நுனியின் பின் விளிம்பையும் ஒரு நூல் மேலே தூக்கு. மேலே ஏறி, மூச்சு முட்டி நின்று, மறுபடி விழுகிறதா? களிமண்ணைக் கூட்டு. இடது பக்கம் வட்டம் போடுகிறதா? வலது நுனியின் பின் விளிம்பைத் துளி தூக்கு. அந்தப் பக்கம் ஏற்றுவிசை குறைந்து நேராகும். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்தான். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. பதினெட்டாவது எறிதலில் அது என் கையை விட்டு நழுவி, அசையாமல், ஆடாமல், கோடு கிழித்த மாதிரி வாலிபால் கோர்ட்டைத் தாண்டிப் போய் இறங்கியது. முறுக்கு என்ன செய்கிறது என்பது அப்போதுதான் எனக்கு முழுசாக விளங்கியது.

எனக்குக் களிமண், டன்னுக்கோ ஆள் ஏறும் விமானம்! 1906-இல் ராணுவம் அவரைத் தெற்கு ஃபார்ன்பரோவில் இருந்த பலூன் தொழிற்சாலைக்கு அனுப்பியது. அங்கே தலைவர் கர்னல் கேப்பர். 1907-இல் டி-1 என்ற முதல் விமானத்தை ரகசியமாக ஸ்காட்லாந்து மலைநாட்டில் பிளேர் ஆத்தல் என்ற இடத்துக்குக் கொண்டுபோனார்கள். எஞ்சின் இல்லாத கிளைடராக அதில் ஏறியவர் கேப்பர். பறந்தது எட்டே விநாடி. சுவரில் மோதிக் கேப்பருக்குச் சிறு காயம். பிறகு எஞ்சின் பொருத்திக் கிளப்பப் பார்த்தபோது விமானம் சேதமானது. 1908-இல் டி-4 தரையை விட்டுத் தாவித் தாவி எழுந்தது, அவ்வளவுதான். 1909-இல் ராணுவ அமைச்சகம் விமானச் சோதனைக்குப் பணம் தருவதை நிறுத்திவிட்டது.

மூன்று வருஷ உழைப்பு, கண்ணில் காட்ட எட்டு விநாடி. அதோடு மூட்டை கட்டியிருக்கலாம். நண்பர்கள் பணம் போட்டு பிளேர் ஆத்தல் பெயரிலேயே ஒரு நிறுவனம் ஆரம்பித்தார்கள். ஷார்ட் சகோதரர்கள் பட்டறையில் டி-5 உருவானது. ஷெப்பி தீவில் ஈஸ்ட்சர்ச் மைதானம். 1910 டிசம்பர் 20. பார்வையாளர்களில் ஒருவர் யார் தெரியுமா? சாட்சாத் ஆர்வில் ரைட்! அவர் பார்த்துக்கொண்டிருக்க, இதய நோயாளியான டன் தானே விமானத்தை ஓட்டி மேலே போனார். லீவர்களிலிருந்து இரண்டு கையையும் எடுத்தார். ஒரு காகிதத்தில் குறிப்பு எழுதினார். விமானம் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. சும்மா சொல்லக் கூடாது, இதைவிட அழகான செய்முறைத் தேர்வை நான் கேள்விப்பட்டதில்லை.

அதற்குப் பிறகும் நல்ல காலம் கொஞ்சம் இருந்தது. 1913-இல் டி-8 விமானத்தை ஃபெலிக்ஸ் என்ற பிரெஞ்சு அதிகாரி ஆங்கிலக் கால்வாய் தாண்டிப் பாரிஸ் பக்கம் கொண்டுபோனார். அமெரிக்காவில் பர்ஜஸ் நிறுவனம் உரிமம் வாங்கிக் கட்டியது. 1914-இல் கனடா ராணுவம் வாங்கிய முதல் விமானமே அந்த பர்ஜஸ்-டன் தான்.

ஆனாலும் டன்னின் விமானம் பெரிதாக விலைபோகவில்லை. காரணத்தை மெக்கானிக்கல் மாணவர்களாகிய நாம் கொஞ்சம் யோசிக்க வேண்டும். தானாக நேராகிவிடும் விமானத்தைச் சட்டென்று திருப்புவது கஷ்டம். காற்று தள்ளினாலும் எதிர்க்கும், ஓட்டுகிறவர் தள்ளினாலும் எதிர்க்கும். உலகப் போர் வந்தபோது ராணுவங்களுக்கு வேண்டியிருந்தது சொன்ன நொடியில் வளைந்து திரும்பும் விமானம். எந்தக் குணத்துக்காக அவர் உயிரைக் கொடுத்து உழைத்தாரோ, அதுவே சந்தையில் குறையாகிப்போனது. டிசைனில் எதுவும் இனாம் கிடையாது. ஒன்றைக் கூட்டினால் இன்னொன்றில் விலை கொடுத்தே ஆக வேண்டும்.

உடம்பும் ஒத்துழைக்கவில்லை. போர் தொடங்கும் வேளையில் டன் விமானத் துறையை விட்டு ஒதுங்கினார். ஆனால் சும்மா இருக்கவில்லை. தூண்டில் மீன்பிடிப்பில் இறங்கி, தண்ணீருக்கு அடியிலிருந்து வெளிச்சத்தைப் பார்க்கும் மீனின் கண்ணுக்குச் செயற்கைப் பூச்சி எப்படித் தெரியும் என்று ஆராய்ந்து 1924-இல் ஒரு புத்தகம். காலத்தையும் கனவையும் பற்றி 1927-இல் இன்னொரு புத்தகம். அவருக்கு ஊரறிந்த பெயர் கிடைத்தது அதில்தான். 1928-இல், ஐம்பத்திரண்டு வயசில், கல்யாணம். இருபத்தேழில் இதய நோய் என்று வீட்டுக்கு அனுப்பப்பட்ட மனிதர் எழுபத்து மூன்று வயசு வரை இருந்து, 1949 ஆகஸ்ட் 24-ஆம் தேதி காலமானார்.

அவர் தொடங்கிய வழி அறுந்துவிடவில்லை. 1920-களில் ஜெஃப்ரி ஹில் என்ற ஆங்கிலேயர் டெரோடாக்டில் என்ற வாலில்லா விமானத்தை உருவாக்கினார். அமெரிக்காவின் பி-2 குண்டுவீச்சு விமானம் 1989-இல் வாலில்லாமல் பறந்தது. அதை நிலைநிறுத்தக் கம்ப்யூட்டர்கள் இடைவிடாமல் திருத்திக்கொண்டே இருக்கின்றன. டன் அந்தத் திருத்தத்தை இறக்கையின் வடிவத்துக்குள்ளேயே வைத்துவிட்டார். மரச்சட்டமும் துணியும் கம்பியுமாக!

நண்பர்களே, கேம்பஸ் இன்டர்வியூவில் பெயர் வரவில்லை என்றால் உலகமே முடிந்த மாதிரி உட்கார்ந்துவிடுகிறோம். டன் செய்தது சரியாகவே இருந்தும் வாங்க ஆள் இல்லை. அதனால் அது தப்பாகிவிடவில்லை. இன்றைக்கும் பின்சாய்ந்த இறக்கையோடு வாலில்லாக் கிளைடர் செய்கிறவன் பெரும்பாலும் நுனியை முறுக்கத்தான் செய்கிறான். ஒரு துண்டு பால்சா, கொஞ்சம் பசை, ஒரு உருண்டை களிமண் போதும். நீங்களும் செய்து பாருங்கள். முதல் எறிதலில் குப்புற விழுந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். ஒரு சிட்டிகை களிமண்ணை எடுத்துவிட்டு மறுபடி எறியுங்கள்.