செண்டா பெரன்சன் அம்மையார்

ஓடியாடும் விளையாட்டுப் பெண்டிர் உடலுக்குக் கேடு விளைக்கும் என்று கற்றோரும் கருதியிருந்த காலம் ஒன்று உண்டு. அக்கருத்தைச் சொல்லால் அன்றிச் செயலால் மாற்றியவர் செண்டா பெரன்சன் அம்மையார். மகளிர் கூடைப்பந்தின் தாய் எனப் போற்றப்பெறும் இவர், இளமையில் நோயால் நலிந்தவர் என்பது வியப்புக்குரியது.

இவர் 1868ஆம் ஆண்டு லித்துவேனியா நாட்டில் யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். ஏழாம் வயதில் அமெரிக்கா சென்று பாஸ்டன் நகரில் வளர்ந்தார். கலை ஆய்வில் புகழ்பெற்ற பெர்னார்டு பெரன்சன் இவர்தம் தமையனார். செண்டாவுக்குப் பியானோ இசையில் வேட்கை மிகுதி. ஆயினும் முதுகு வலியால் நெடுநேரம் அமர்ந்து பயில இயலவில்லை. உடலைத் தேற்றும் பொருட்டு, 1890ஆம் ஆண்டு பாஸ்டன் உடற்பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார். தொடக்கத்தில் துன்புற்றார், எனினும் விடாது பயின்றார். நாளடைவில் வலி நீங்கியது. உடல் உரம் பெற்றது. தாம் பெற்ற நலத்தைப் பிறரும் பெறல் வேண்டும் என்னும் எண்ணம் அவருள் வேரூன்றியது.

1892ஆம் ஆண்டு தொடக்கத்தில், நார்த்தாம்டன் நகரிலுள்ள ஸ்மித் மகளிர் கல்லூரியில் உடற்பயிற்சி ஆசிரியராக அமர்ந்தார். ஒரே வகையான பயிற்சிகளில் மாணவியர்க்கு ஊக்கம் பிறக்கவில்லை. அருகிலுள்ள ஸ்பிரிங்பீல்டு நகரில், 1891ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பார் கூடைப்பந்தைப் புதிதாக அமைத்திருந்தார். அச்செய்தியை இதழ் ஒன்றில் படித்த அம்மையார், அவ்விளையாட்டைத் தம் மாணவியர்க்குக் கற்பித்தார்.

1893ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 22ஆம் நாள், முதலாண்டு மாணவியரும் இரண்டாமாண்டு மாணவியரும் எதிரெதிரே நின்று ஆடினர். கல்லூரி மகளிர் ஆடிய முதற் கூடைப்பந்துப் போட்டி அதுவே. காண வந்த மகளிரின் ஆரவாரம் அரங்கை நிறைத்தது. தொடக்கத்திலேயே முதலாண்டு அணித் தலைவியின் தோள் மூட்டு விலகியது. எனினும் ஆட்டம் நிற்கவில்லை. இரண்டாமாண்டு மாணவியர் ஐந்துக்கு நான்கு என்னும் கணக்கில் வென்றனர்.

இத்தகைய இடர்கள் பெருகின், விளையாட்டையே தடுத்துவிடுவர் என்பதை அம்மையார் உணர்ந்தார். ஆதலின் மகளிர்க்கெனத் தனி விதிகள் வகுத்தார். ஆடுகளம் மூன்று கூறாக்கப்பட்டது. எவரும் தம் கூற்றை விட்டு நீங்கலாகாது. பிறர் கைப் பந்தைப் பறித்தலும், மூன்று நொடிக்கு மேல் பந்தைத் தம் கையில் வைத்திருத்தலும் விலக்கப்பட்டன. இதனால் ஒருத்தியே ஆடாமல் அனைவரும் கூடி ஆடும் நிலை உண்டாயிற்று. 1899இல் ஏற்கப்பட்ட இவ்விதிகள் பிற கல்லூரிகளிலும் பரவின. பல்லாண்டுகள் விதிநூலின் பதிப்பாசிரியராகவும் அம்மையார் விளங்கினார்.

ஆரணியை அடுத்த முள்ளிப்பட்டில் பட்டு நெய்வோர், தறியில் இழை அறாதிருத்தற் பொருட்டுப் பாவுக்குக் கஞ்சி தோய்ப்பர். ஆடை உருவானபின் அக்கஞ்சிக்கு வேலை இல்லை. அம்மையாரின் விதிகளும் அத்தகையனவே. வெற்றி வேட்கை பண்பைக் கெடுக்கும் என அஞ்சிய அவர், கல்லூரிகள் தம்முள் பொருதலை விரும்பவில்லை. பின்வந்த மகளிரோ அவ்வெல்லைகளையும் கடந்தனர். 1971ஆம் ஆண்டு முதல் அமெரிக்கக் கல்லூரி மகளிரும் அணிக்கு ஐவராகக் களம் முழுவதும் ஓடி ஆடலாயினர். 1976ஆம் ஆண்டு மாண்ட்ரீல் ஒலிம்பிக்கில் மகளிர் கூடைப்பந்து முதன்முதல் இடம்பெற்றபோது, முதற் பந்தைக் கூடையில் இட்டவர் லூசியா ஹாரிஸ் என்னும் கல்லூரி மாணவியே. நம் சென்னை மகளாகிய அனிதா பால்துரையும் இந்திய அணிக்குத் தலைமை தாங்கி, 2021ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருதுக்கு உரியரானார்.

அம்மையார் 1911இல் ஹெர்பர்ட் அபட் என்னும் பேராசிரியரை மணந்து ஸ்மித் கல்லூரியை விட்டு நீங்கினார். 1954ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் மறைந்தார். 1985இல் நெய்ஸ்மித் பெயரால் அமைந்த கூடைப்பந்துப் புகழ்மன்றத்தில் முதன்முதல் இடம்பெற்ற மகளிருள் இவரும் ஒருவர்.

தம் நோயையே பிறர் நலத்துக்கு வழியாக்கிக்கொண்டவர் இவ்வம்மையார். அவர் இட்ட கோடுகள் இன்று ஆடுகளத்தில் இல்லை. அவர் திறந்த வாயிலோ அடைபடவில்லை.