சூப்பர்மேன் கிறிஸ்டோபர் ரீவ்: மறைந்த பின் வந்த படம்

2006ஆம் ஆண்டு நவம்பர் மாதம் அமெரிக்கக் கடைகளில் ஒரு டிவிடி விற்பனைக்கு வந்தது. 'சூப்பர்மேன் 2' படத்தின் ரிச்சர்ட் டோனர் பதிப்பு அது. அதன் கதாநாயகன் கிறிஸ்டோபர் ரீவ் காலமாகி அப்போது இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஏறக்குறைய 30 ஆண்டுகளுக்கு முன்பு அவர் நடித்துக் கொடுத்து, பெட்டிக்குள் முடங்கிக் கிடந்த காட்சிகள் அந்த வட்டில் இருந்தன.

வாடகை வீடியோ டேப் காலத்தைக் கண்ட நம்மவர்களுக்கு ரீவின் முகத்தை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. நீல உடை, சிவப்பு மேலங்கி, நெற்றியில் சுருண்டு விழும் ஒரு கற்றை முடி. இன்றைய பிள்ளைகளுக்கு சூப்பர்மேன் என்றால் வேறு முகங்கள் நினைவுக்கு வரும். அந்த முகங்களை எல்லாம் இன்றுவரை ரீவோடுதான் ஒப்பிடுகிறார்கள். அதற்குக் காரணம் உண்டு.

ரீவ் 1952 செப்டம்பர் 25ஆம் நாள் நியூயார்க்கில் பிறந்தார். தந்தை பிராங்க்ளின் ரீவ் கவிஞர், ரஷ்ய இலக்கிய அறிஞர். தாயார் பார்பரா பத்திரிகைத் துறையில் இருந்தவர். மகனுக்கு நான்கு வயது இருக்கும்போதே பெற்றோர் பிரிந்துவிட்டனர். தாயோடு பிரின்ஸ்டன் நகரில் வளர்ந்த சிறுவனுக்குப் பள்ளி நாடக மேடை இன்னொரு வீடாயிற்று. கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்தார். பிறகு நியூயார்க்கின் புகழ்பெற்ற ஜூலியார்ட் கலைப்பள்ளியில் நடிப்புப் பயின்றார். அங்கே அவருக்குக் கிடைத்த நண்பர் ராபின் வில்லியம்ஸ். அந்த நட்பு கடைசிவரை நீடித்தது. 1976இல் மூத்த நடிகை கேத்தரின் ஹெப்பர்னுடன் பிராட்வே மேடையில் நடித்தார்.

சூப்பர்மேன் படத்திற்குப் பெரிய நட்சத்திரத்தைப் போடவே தயாரிப்பாளர்கள் விரும்பினார்கள். இயக்குநர் டோனருக்கு அதில் உடன்பாடில்லை. பழகிய முகம் ஒன்று பறந்தால், பறப்பவர் அந்த நடிகர் என்றுதான் மக்கள் நினைப்பார்கள் என்பது அவர் கணக்கு. சோதனைப் படப்பிடிப்புக்கு வந்த ரீவ் ஆறடி நான்கு அங்குல உயரம், ஆனால் ஒல்லி. உடைக்குள் பஞ்சு வைத்துத் தசை காட்டலாம் என்ற யோசனையை அவர் ஏற்கவில்லை. 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் டார்த் வேடரின் உடைக்குள் இருந்த டேவிட் பிரௌஸ் அவருக்கு உடற்பயிற்சி கொடுத்தார். சில மாதங்களில் உடல் எடை பத்துக் கிலோவுக்கு மேல் கூடியது.

இந்த இடத்தில் தந்தையைப் பற்றி ஒரு கதை உண்டு. சூப்பர்மேன் வேடம் கிடைத்த செய்தியை மகன் சொன்னதும் தந்தை மகிழ்ந்து போய் ஷாம்பெயின் வரவழைத்தாராம். பெர்னார்ட் ஷாவின் 'மேன் அண்ட் சூப்பர்மேன்' நாடகத்தில்தான் மகனுக்கு வேடம் கிடைத்திருக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டார். படக்கதைப் புத்தகத்து வீரன் என்று தெரிந்ததும் முகம் மாறிவிட்டது. ரீவே பின்னாளில் பலமுறை சொல்லிச் சிரித்த கதை இது. சிரிப்புக்கு அடியில் கொஞ்சம் வலியும் இருந்திருக்கும்.

இரட்டை வேடம் நமக்குப் புதிதல்ல. 'எங்க வீட்டுப் பிள்ளை'யில் பயந்தவராகவும் துணிந்தவராகவும் எம்.ஜி.ஆர். வந்ததைக் கொண்டாடியவர்கள் நாம். அங்கே இருவரும் தனித்தனி ஆட்கள். ரீவுக்கு வாய்த்ததோ ஒரே ஆள், ஒருவரை மற்றவருக்குள் ஒளித்து வைக்க வேண்டிய வேடம். கிளார்க் கென்ட் என்ற பத்திரிகையாளராக வரும்போது தோள் குறுகும், குரல் மெலியும், கை தடுமாறும். முதல் படத்தில் லோயிஸ் லேனின் வீட்டுக்குக் கிளார்க் வரும் காட்சியைப் பாருங்கள். அவள் உள்ளே போன நேரத்தில் அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றுகிறார். முதுகு நிமிர்கிறது, மார்பு விரிகிறது, குரல் கனக்கிறது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்து, மனம் மாறி, மறுபடியும் கூனிக் குறுகிக் கிளார்க் ஆகிவிடுகிறார். வெட்டு இல்லை, தந்திரக் காட்சி இல்லை. கண்ணாடி போட்டால் அடையாளம் தெரியாதா என்று கேலி பேசுகிறவர்கள் இந்தக் காட்சியைப் பார்த்த பின் கொஞ்சம் யோசிப்பார்கள்.

பறக்கும் காட்சிகளிலும் அவருடைய பங்கு பெரிது. கணினி வரைகலை இல்லாத காலம். கம்பியிலும் இரும்புத் தாங்கியிலும் உடலைக் கட்டித் தொங்கவிட்டுத்தான் எடுத்தார்கள். ரீவ் விமானம் ஓட்ட உரிமம் பெற்றவர், இயந்திரமில்லாத மிதவை விமானமும் ஓட்டுவார். காற்றில் திரும்பும்போது உடல் எப்படிச் சாயும் என்று அவருக்குத் தெரியும். கம்பியில் தொங்குகிறவர் என்ற நினைப்பே நமக்கு வராததற்கு அது ஒரு காரணம்.

முதல் இரண்டு படங்களையும் சேர்த்தே எடுக்கத் திட்டமிட்டு 1977 மார்ச் மாதம் படப்பிடிப்பைத் தொடங்கினார்கள். சூப்பர்மேனின் தந்தையாக வந்த மார்லன் பிராண்டோவுக்குச் சில நாள் வேலைக்கு 3.7 மில்லியன் டாலர், அதற்கு மேல் வசூலில் பங்கு. இரண்டு படத்துக்கும் சேர்த்து ரீவுக்குக் கிடைத்தது 250,000 டாலர். செலவு எகிற, இயக்குநருக்கும் தயாரிப்பாளர் சால்கைண்ட் குடும்பத்துக்கும் பேச்சுவார்த்தையே நின்றுபோனது. இரண்டாம் படத்தின் பெரும்பகுதி முடிந்த நிலையில் அதை நிறுத்திவிட்டு முதல் படத்தை முடித்தார்கள். 1978 டிசம்பரில் வெளியான அது உலகம் முழுவதும் சுமார் 300 மில்லியன் டாலர் வசூலித்தது. பிரிட்டனின் பாஃப்டா, சிறந்த புதுமுகத்துக்கான விருதை ரீவுக்கு வழங்கியது.

அவ்வளவு பெரிய வெற்றிக்குப் பிறகும் டோனரை நீக்கிவிட்டார்கள். இரண்டாம் படத்தை ரிச்சர்ட் லெஸ்டர் முடித்தார். வசூலில் பங்கு கொடுக்க வேண்டுமே என்பதற்காக பிராண்டோவின் காட்சிகளைத் தூக்கிவிட்டு, தந்தை பேச வேண்டியதைத் தாயாக நடித்த சூசன்னா யார்க்கைப் பேச வைத்தார்கள். டோனர் எடுத்திருந்த பல காட்சிகளை மீண்டும் எடுத்தார்கள். வில்லனாக நடித்த ஜீன் ஹேக்மன் திரும்பி வரவில்லை. படம் ஓடியது. ஆனால் ஒரு தந்தை மகன் கதை அதிலிருந்து காணாமல் போயிருந்தது.

1983இல் வந்த மூன்றாம் படம் பாதி நகைச்சுவை. பழுதுபட்ட வாகனங்கள் குவிந்த இடத்தில் கெட்ட சூப்பர்மேனும் நல்ல கிளார்க்கும் மோதும் காட்சிக்காக மட்டும் அதைப் பார்க்கலாம். 1987இன் நான்காம் படம் தோல்வி. அணு ஆயுதங்களை ஒழிக்க வேண்டும் என்ற அதன் கதையில் ரீவுக்கும் பங்குண்டு. தயாரித்த கேனன் நிறுவனம் பணத்தைப் பாதியாகக் குறைத்தது, எடுத்ததிலும் முக்கால் மணி நேரத்தை வெட்டியது. அதே ஆண்டு, சிலி நாட்டில் இராணுவ ஆட்சியின் கீழ்க் கொலை மிரட்டலுக்கு ஆளான 77 நாடகக் கலைஞர்களுக்கு ஆதரவாக அவர் நேரில் போய் நின்றார். நான்காம் படத்தின் பறக்கும் காட்சிகளைவிட அந்தப் பயணம் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

குதிரை ஏற்றம் அவர் 1985இல் ஒரு தொலைக்காட்சிப் படத்துக்காகக் கற்றுக்கொண்டது. குதிரை அவருக்கு ஒவ்வாமை தரும். மாத்திரை போட்டுக்கொண்டு பழகினார். 1995 மே 21இல் அவர் நடித்த ஒரு தொலைக்காட்சிப் படம் ஒளிபரப்பானது. அதில் அவர் உடல் செயலிழந்த காவல் அதிகாரி. ஆறு நாள் கழித்து, மே 27ஆம் நாள், வெர்ஜீனியா மாநிலத்தின் கல்பெப்பரில் நடந்த போட்டியில் அவருடைய குதிரை தடுப்பைத் தாண்டாமல் சட்டென்று நின்றுவிட்டது. தலைகுப்புற விழுந்தவரின் கழுத்தில் மேலே உள்ள இரண்டு எலும்புகளும் உடைந்தன. 42 வயதில் கழுத்துக்குக் கீழே எதுவும் அசையவில்லை. சுவாசக் கருவி இல்லாமல் மூச்சும் இல்லை.

தன்னை இப்படியே போக விட்டுவிடலாமோ என்று அவர் மனைவி டானாவிடம் கேட்டார். நீங்கள் இன்னும் நீங்கள்தான் என்ற பொருளில் டானா சொன்ன பதிலே, 1998இல் வந்த அவருடைய சுயசரிதைக்குத் தலைப்பாயிற்று. மருத்துவமனையில் ஒரு நாள், ரஷ்யக் குரலில் பேசிக்கொண்டு ஓர் அசட்டு மருத்துவர் அறைக்குள் புகுந்து பரிசோதனை செய்ய வேண்டும் என்று அடம்பிடித்தார். வேடம் போட்டு வந்தவர் ராபின் வில்லியம்ஸ். விபத்துக்குப் பிறகு ரீவ் சிரித்தது அன்றுதான்.

அடுத்த ஆண்டு மார்ச் மாதம் ஆஸ்கார் மேடையில் திரை விலகியபோது அவர் சக்கர நாற்காலியில் இருந்தார். அரங்கமே எழுந்து நின்றது. அதன் பிறகு படம் இயக்கினார், நடித்தார், ஊர் ஊராகப் போய்ப் பேசினார். அன்றைய அமெரிக்க மருத்துவக் காப்பீடுகள் பலவற்றில் வாழ்நாள் உச்சவரம்பு ஒரு மில்லியன் டாலர். அவரைப் போன்ற நோயாளிக்கு அது சில ஆண்டுகளில் கரைந்துவிடும். அதை 10 மில்லியனாக உயர்த்த வேண்டும் என்று போராடினார். முதுகுத்தண்டு ஆராய்ச்சிக்கு நிதி திரட்ட அவர் பெயரில் அறவாரியம் இயங்கியது.

எல்லாரும் அவரைப் பாராட்டினார்கள் என்று சொல்ல முடியாது. 2000ஆம் ஆண்டு ஒரு விளம்பரம் கணினி வரைகலையால் அவர் எழுந்து நடப்பதாகக் காட்டியது. அவர் குணமாகிவிட்டார் என்று நம்பியவர்களும் உண்டு. குணமாவதைப் பற்றியே பேசுகிறார், சக்கர நாற்காலியோடு வாழ்பவர்களின் அன்றாட உரிமைகளைப் பற்றிக் குறைவாகப் பேசுகிறார் என்று மாற்றுத்திறனாளி அமைப்பினர் சிலர் குறைகூறினர். அந்தக் குறையில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஆண்டுக்கணக்கான பயிற்சியில் ஒரு சுட்டுவிரலை அசைக்க முடிந்ததைக் கொண்டாடிய மனிதரிடம் நம்பிக்கையைக் குறைத்துக்கொள்ளச் சொல்வதும் எளிதல்ல.

2004 அக்டோபர் 10ஆம் நாள் ரீவ் 52 வயதில் காலமானார். பிராண்டோ அதே ஆண்டு ஜூலையில் மறைந்திருந்தார். டானா புகைபிடிக்காதவர். ஆனாலும் நுரையீரல் புற்றுநோய் 2006 மார்ச்சில், 44 வயதில், அவரையும் கொண்டுபோனது. கடைசி மகன் வில்லுக்கு அப்போது வயது 13.

அந்த ஆண்டின் இறுதியில்தான் டோனர் பதிப்பு வந்தது. விடுபட்ட காட்சிகள் எங்கோ இருக்கின்றன என்பது ரசிகர்களுக்குத் தெரியும். பல ஆண்டுகளாகக் கேட்டு எழுதிக்கொண்டே இருந்தார்கள். 2001இல் முதல் படத்தைப் புதுப்பித்து டிவிடியில் கொண்டுவந்த மைக்கல் தாவ், இங்கிலாந்திலிருந்து வந்த படச்சுருள்களில் இரண்டாம் படத்தையும் தேடித் தொகுத்தார். பிராண்டோவின் காட்சிகளைப் பயன்படுத்த அவர் குடும்பச் சொத்துப் பொறுப்பாளர்களின் ஒப்புதலும் கிடைத்தது. பழைய டேப்பில் சதுரத் திரைக்காக இரு பக்கமும் வெட்டப்பட்டிருந்த படம், வட்டில் முழு அகலத்தோடு வந்தது. ரீவின் நினைவுக்கு அதைக் காணிக்கையாக்கியிருந்தார்கள்.

திரும்பக் கிடைத்தவற்றில் முக்கியமானது தந்தையின் காட்சி. காதலுக்காகச் சக்தியைத் துறந்த சூப்பர்மேன், சாலையோர உணவகத்தில் அடிபட்டு இரத்தம் சிந்துகிறார். பனியில் நடந்தே தன் கோட்டைக்குத் திரும்பி, பதில் வராத இருட்டில் தந்தையைக் கூப்பிட்டு அழுகிறார். தந்தை தோன்றுகிறார். தன்னிடம் எஞ்சியிருக்கும் கடைசி உயிராற்றலை மகனுக்குக் கொடுத்துவிட்டு மறைகிறார். 1980இல் வெளியான படத்தில் சக்தி எப்படித் திரும்பியது என்பதற்குச் சரியான விளக்கமே இல்லை. ரீவ் மாதிரி ஒருவர், அசைவற்ற உடலோடு தரையில் கிடப்பதை 2006இல் பார்த்தவர்கள் அதை வெறும் கதையாகப் பார்த்திருக்க முடியாது.

இந்தப் பதிப்பு குறையில்லாதது அல்ல. உலகத்தைப் பின்னோக்கிச் சுழற்றும் முடிவு முதல் படத்திலேயே வந்துவிட்டது. அதையே இங்கும் பார்க்கும்போது ஏமாற்றமாக இருக்கிறது. முதலில் இரண்டாம் படத்துக்கென்று எழுதிய முடிவுதான் அது, அவசரத்தில் முதல் படத்துக்குப் போய்விட்டது. 2023இல் நான்கு படங்களும் இந்தப் பதிப்பும் சேர்ந்து 4கே தரத்தில் ஒரே பெட்டியாக வந்தன. புதிதாகப் பார்க்கிறவர்கள் முதல் படத்தையும், அடுத்து டோனர் பதிப்பையும் பார்த்தால் போதும். பெரிய திரையை ஆளும் வில் ரீவை 2025 சூப்பர்மேன் படத்தில் தேட வேண்டாம். சில நொடி வரும் தொலைக்காட்சிச் செய்தியாளர்தான் அவர். நிஜத்திலும் அதுவே அவருக்குத் தொழில்.

டோனர் பதிப்பில் நயாகரா விடுதி அறைக் காட்சி ஒன்று உண்டு. கிளார்க்தான் சூப்பர்மேன் என்று சந்தேகிக்கும் லோயிஸ் அவரைத் துப்பாக்கியால் சுடுகிறாள். அந்தக் காட்சியை டோனரால் முறையாக எடுக்க முடியாமலே போய்விட்டது. ஆகவே நடிகர் தேர்வுக்காக வெவ்வேறு நாளில் எடுத்த இரண்டு சோதனைப் படப்பிடிப்புகளை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். கூர்ந்து பார்த்தால் தெரியும். ஒரு ஷாட்டில் ரீவ் ஒல்லி, அடுத்ததில் தோள் அகன்றிருக்கும், முடியும் மூக்குக் கண்ணாடியும் மாறியிருக்கும். அந்த ஒல்லிப் பையனுக்கு அன்று இன்னும் வேடம் கிடைத்திருக்கவில்லை.