கோட்டின் வேந்தர் ரிஸா அப்பாஸி

வண்ணத்தின் துணையின்றி, கரிய மைக்கோட்டினாலேயே ஓவியம் நிறைவுறும் என்பதை மெய்ப்பித்த பாரசீகக் கலைஞர்களுள் தலையாயவர் ரிஸா அப்பாஸி. ஏறத்தாழ 1565இல் பிறந்த இவருடைய தந்தை அலி அஸ்கரும் அரசவை ஓவியரே. 1587இல் முதலாம் ஷா அப்பாஸ் அரியணை ஏறிய பின்னர் இளைஞர் ரிஸா அவரது அவையைச் சேர்ந்தார். இவர் தீட்டிய ஓர் ஓவியத்தைக் கண்டு வியந்த மன்னர், ஓவியரின் கையில் முத்தமிட்டார் எனச் சமகால ஆசிரியர் காஸி அகமது குறித்துள்ளார். ‘அப்பாஸி’ என்னும் சிறப்புப் பெயரும் மன்னரின் பெயரால் வாய்த்ததே.

அதற்கு முன் பாரசீக ஓவியம் பெரும்பாலும் காவியச் சுவடிகளுக்குத் துணையாகவே வளர்ந்தது. ரிஸாவோ தனித்தாளையே தம் களமாகக் கொண்டார். மயிரிழையாகத் தொடங்கும் கோடு தோளின் வளைவில் தடித்து, இடைக்கச்சின் நுனியில் மீண்டும் மெலிந்து மறையும். நஸ்தாலிக் எழுத்தின் ஏற்ற இறக்கத்தை அதிற் காணலாம். வண்ணம் பிழையை மூடும், மைக்கோடோ காட்டிக்கொடுத்துவிடும். அந்தத் துணிவே இவர்தம் கலையின் உயிர்.

புகழின் உச்சியில், ஏறத்தாழ 1603இல், ரிஸா அவையை விட்டு அகன்றார். மல்லர்களோடும் எளியவர்களோடும் பழகினார், வறுமையும் உற்றார். இதனை வீழ்ச்சியென்றே அவை சார்ந்த ஆசிரியர்கள் வருந்தி எழுதினர். ஆயினும் எளிய மனிதர்பால் இவருக்கிருந்த ஈடுபாடு புதியதன்று. 1598இலேயே மஷ்ஹத் நகரில், தலைப்பாகையைக் கழற்றிவிட்டு அமர்ந்திருக்கும் ஒருவரைக் கோட்டோவியமாக வரைந்திருந்தார்.

ஏறத்தாழ 1610இல் அவைக்குத் திரும்பியபோது இவரது நடை மாறியிருந்தது, உருவங்கள் கனத்தன. கையொப்பமும் மாறியமையால், ஆகா ரிஸா வேறு, ரிஸா அப்பாஸி வேறு என ஆய்வாளர் சிலர் நெடுங்காலம் வாதிட்டனர். இருவரும் ஒருவரே என்பது இன்று ஏற்கப்பட்ட முடிபு. ஒரு வாழ்வின் திருப்பம் இரு மனிதரெனத் தோன்றுமளவுக்கு ஆழ்ந்திருந்தது!

1635இல் ரிஸா மறைந்தார். அவ்வாண்டு மாணவர் முயீன் முசவ்விர் வரையத் தொடங்கிய ஆசிரியரின் உருவப்படம், 1673இல்தான் நிறைவுற்றது. அதில் முதியவர் மூக்குக்கண்ணாடி அணிந்து, குனிந்து, வரைந்துகொண்டிருக்கிறார். அருகில் அரசரும் இல்லை; அவையும் இல்லை. தாளும் கையும் மட்டுமே உள்ளன. முப்பத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின்னும் மாணவர் நெஞ்சில் நின்றது அக்காட்சியே.