வேலூர் தந்த ஐடா அம்மையார்

புகைவண்டி நிலையத்தில் பயணச்சீட்டு வழங்கும் பணியில் உள்ள எனக்கு மிகப் பழகிப்போன காட்சி ஒன்று உண்டு. எக்ஸ்ரே படம் வைத்த பெரிய உறையைக் கையில் பிடித்தவண்ணம், காட்பாடிக்குச் சீட்டுக் கேட்போர் நாள்தோறும் வருவர். அவர்கள் செல்வது வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு. அதனை நிறுவிய ஐடா சோபியா ஸ்கடர் அம்மையாரின் வரலாற்றை நமது சங்க மலரில் எழுதவேண்டுமென்பது என் நெடுநாளைய அவா. இவ்வாண்டு அதற்கு வேறொரு காரணமும் சேர்ந்தது. அதனை இறுதியிற் கூறுவேன்.

அம்மையார் 1870 டிசம்பர் 9 அன்று இராணிப்பேட்டையிற் பிறந்தார். அவர்தம் பாட்டனார் 1819 இல் அமெரிக்காவை விட்டுப் புறப்பட்டு, யாழ்ப்பாணத்தில் மருத்துவத் தொண்டு புரிந்து, பின்னர்ச் சென்னைக்கு வந்தவர். தந்தையாரும் மருத்துவரே. எனினும் ஐடாவுக்கு அத்தொண்டில் நாட்டம் இல்லை. தாது வருஷப் பஞ்சத்தின் கொடுமையைக் குழந்தைப் பருவத்திலேயே கண்டவர் அவர். அமெரிக்காவில் கல்வி கற்று, அங்கேயே மணம் புரிந்து வாழவே விரும்பினார். 1890 இல் திண்டிவனத்திற்கு வந்ததும், நோயுற்ற தாயாருக்குச் சிலகாலம் உதவிவிட்டுத் திரும்பும் எண்ணத்துடனேதான்.

அங்கே ஓர் இரவு, மூவர் ஒருவர்பின் ஒருவராக வந்து வாயிலில் நின்றனர். மூவர் இல்லங்களிலும் இளம் மனைவியர் பேறுகால வேதனையில் துடித்துக்கொண்டிருந்தனர். மருத்துவரான தந்தையார் உடனே புறப்பட ஆயத்தமானார். ஆனால், அயல் ஆடவர் தம் மனைவியரைத் தீண்டலாகாது என்பது அம்மூவருடைய வழக்கம். ஐடா வரவேண்டுமென்றே அவர்கள் வேண்டினர். அவருக்கோ மருத்துவம் தெரியாது. மூவரும் வந்தவழியே திரும்பினர். பொழுது விடிந்தபோது அம்மூன்று பெண்களும் இறந்துவிட்ட செய்தி எட்டியது. அவ்வீட்டில் மருத்துவர் இருந்தார், மருந்தும் இருந்தது. பயிற்சி பெற்ற பெண் ஒருத்திதான் இல்லை. அன்றே ஐடாவின் மனம் திரும்பியது.

அமெரிக்கா சென்று மருத்துவம் பயின்று, கார்னெல் மருத்துவக் கல்லூரியில் 1899 இல் பட்டம் பெற்று, 1900 இல் வேலூருக்கு வந்தார். அவ்வாண்டிலேயே தந்தையார் காலமானார். துவளாமல் ஒரு சிற்றறையில் வைத்தியம் தொடங்கினார். 1902 இல் நாற்பது படுக்கைகளுடன் ஷெல் மருத்துவமனை எழுந்தது.

ஆயினும், மருத்துவர் ஒரு நோயாளியின் அருகில் நிற்பது சில நிமிடமே. எஞ்சிய பகலும் இரவும் அருகிலிருந்து காப்பவர் செவிலியர். அவர்களுக்கு எங்கே போவது? தம்மிடம் வேலைக்கு இருந்த சலோமி என்னும் பெண்மணியையே அம்மையார் முதலிற் பழக்கிக்கொண்டதாக அவர் வரலாறு கூறும். பின்னர் 1909 இல் செவிலியர் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். அக்காலத்தில் எழுத்தறிந்த பெண்கள் மிகச் சிலர். பிறர் உதிரத்தையும் மலத்தையும் தொடுவது இழிந்த தொழில் என்றும், மணமாகாத பெண் இரவில் வெளியே தங்குதல் தகாது என்றும் பெற்றோர் அஞ்சினர். சாதி பாராமல் எல்லாரையும் தீண்டவேண்டும் என்பது மற்றொரு தடை. புத்தகப் பாடத்தினும் கடினமான பாடம் இவ்வச்சங்களைக் கடப்பதே. அம்மையார் பிறரைக் கடிந்துகொண்டிருக்கவில்லை. தாமே முன்னின்று செய்துகாட்டினார். குடியாத்தம் சாலையில் மரத்தடிகளில் வண்டியை நிறுத்தி, புண்களைக் கழுவி மருந்திட்டார். உடன் சென்றவர்கள் அதனைக் கண்டு கற்றனர்.

1918 இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் நிறுவினார். 1946 இல் வேலூரில் செவிலியர் பட்டப்படிப்பு தொடங்கிற்று; இந்தியாவில் அவ்வகையில் முதலில் எழுந்தவற்றுள் அது ஒன்று. மணம் புரியாமலே வாழ்ந்த அம்மையார், 1960 மே மாதத்தில் கொடைக்கானலில் இயற்கை எய்தினார்.

இனி நான் சொல்வதாகக் கூறிய காரணம். இவ்வாண்டு பி. யு. சி. தேறிய என் மகள், செவிலியர் பட்டப்படிப்பிற் சேர விழைவதாகக் கூறினாள். யான் இசையவில்லை. நான்காண்டுப் படிப்பு, வார்டுகளில் நின்றபடியே பயிற்சி, இரவுப்பணி, நாளை வரன் பார்க்கும்போது எழும் பேச்சு ஆகியவற்றையெல்லாம் எடுத்துரைத்தேன். அவள் மறுமொழியாகத் தன் பாட்டியின் கடைசி நாட்களை நினைவூட்டினாள். படுக்கைப்புண்ணால் வருந்திய என் அன்னையை நள்ளிரவில் புரட்டிப் படுக்கவைத்து, புண்ணைத் துடைத்து, முகம் சுளியாமற் பேசியவள் முன்பின் அறியாத ஒரு செவிலிப்பெண். பெற்ற மகனாகிய யான் அப்போது அறைக்கு வெளியே நின்றிருந்தேன். துர்நாற்றம் தாங்காமல் நின்றேன் என்பதை இங்கு மறைக்க விரும்பவில்லை.

மறுநாள் விண்ணப்பத்திற் கையொப்பமிட்டேன்.

பொம்மனஹள்ளியில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் இத்தொழிலை விரும்பும் பிள்ளைகள், பெண்ணாயினும் ஆணாயினும், இருத்தல் கூடும். அவர்கள் படவேண்டிய சிரமங்களை மறைக்காமற் சொல்லுவோம். ஆனால் நம் தயக்கத்தையும் அவர்கள் மீது சுமத்தாதிருப்போம். அதுவே ஐடா அம்மையாருக்கு நாம் செய்யும் கைம்மாறு ஆகும்.

வாழ்க அம்மையார் புகழ்!