கணக்குப் போடும் எந்திரம்: சார்லஸ் பாபேஜ் வாழ்க்கைக் கதை

லண்டன் மாநகரில் டார்செட் தெரு. அங்கே ஒரு பெரிய வீடு. சனிக்கிழமை இரவு என்றால் அந்த வீட்டு வாசலில் குதிரை வண்டிகள் வரிசையாக வந்து நிற்கும். பிரபுக்கள், சீமாட்டிகள், எழுத்தாளர்கள், விஞ்ஞானிகள் என்று இருநூறு, முந்நூறு பேர் கூடுவார்கள். நாவலாசிரியர் டிக்கன்ஸ் வருவார். உயிர் நூல் மேதை டார்வின் வருவார்.

அந்த வீட்டின் ஒரு அறையில் ஒரு வெள்ளிப் பொம்மை இருந்தது. ஒரு அடி உயரம். சாவி கொடுத்தால் அந்தப் பொம்மைப் பெண் நடனம் ஆடுவாள். அவள் கையில் ஒரு பறவை. அது வாலை ஆட்டும், சிறகு அடிக்கும்.

பக்கத்து அறையில் பித்தளைச் சக்கரங்கள் அடுக்கிய ஒரு எந்திரம் இருந்தது. கைப்பிடியைச் சுற்றினால் அது கணக்குப் போடும். பிசகாமல் போடும்!

ஒரு நாள் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். உள்ளூர் விருந்தாளிகள் எல்லோரும் பொம்மையைச் சூழ்ந்து நின்றார்கள். எந்திரத்தின் அருகில் இருந்தவர்கள் சில வெளிநாட்டுக்காரர்கள் மட்டுமே. வீட்டுக்காரரின் மனம் நொந்தது.

அவர் பெயர் சார்லஸ் பாபேஜ். இன்று கம்ப்யூட்டர் என்று நாம் சொல்லும் எந்திரத்தை, மின்சார விளக்கு வீட்டுக்கு வராத காலத்திலேயே மனத்தில் கண்டவர்.

பொம்மையின் வயிற்றில் என்ன?

பாபேஜ் 1791-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி லண்டனில் பிறந்தார். தகப்பனார் பணக்காரர். பாங்கி நடத்தியவர்.

சிறு பிள்ளையாக இருந்தபோது யாராவது பொம்மை வாங்கிக் கொடுத்தால், அதற்குள் என்ன இருக்கிறது என்று கேட்பான். பதில் திருப்தி தராவிட்டால் பொம்மையை உடைத்துப் பார்த்து விடுவான்!

ஒரு சமயம் தாயார் அவனை ஒரு கண்காட்சிக்கு அழைத்துப் போனார். தானாக இயங்கும் பொம்மைகளைச் செய்தவர் நடத்திய கண்காட்சி அது. அங்கேதான் அந்த வெள்ளி நடனக்காரியைச் சிறுவன் முதன் முதலில் பார்த்தான். பல ஆண்டுகள் கழிந்து 1834-ல் அதே பொம்மை பழுதான நிலையில் ஏலத்துக்கு வந்தது. பாபேஜ் 35 பவுன் கொடுத்து வாங்கி, தாமே பழுது பார்த்து, உடையும் போட்டு வீட்டில் வைத்தார். தமது எந்திரத்துக்கு அவளே போட்டியாக வருவாள் என்று அப்போது அவர் நினைக்கவில்லை.

பாபேஜ் 1810-ல் கேம்பிரிட்ஜ் போய்ச் சேர்ந்தார். அதற்குள் கணிதத்தை அவரே ஏராளமாகப் படித்து வைத்திருந்தார். ஆசிரியர்களிடம் சந்தேகம் கேட்டால், பரீட்சைக்கு வராத கேள்வி எதற்கு என்றார்களாம். ஆகவே ஜான் ஹெர்ஷல் முதலான நண்பர்களைச் சேர்த்துக் கொண்டு 1812-ல் ஒரு கணிதச் சங்கம் தொடங்கினார்.

1814-ல் ஜார்ஜியானா என்ற பெண்ணை மணந்தார். தகப்பனாருக்கு இதில் சம்மதம் இல்லை. ஆனாலும் ஆண்டுக்கு 300 பவுன் கொடுத்து வந்தார்.

உத்தியோகம் மட்டும் எளிதில் கிடைக்கவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனி தன் உத்தியோகஸ்தர்களைப் பழக்குவதற்கு நடத்திய கல்லூரியில் கேட்டார், இல்லை என்றார்கள். எடின்பரோவில் கேட்டார், அங்கும் இல்லை.

நீராவி கணக்குப் போடாதா?

அந்தக் காலத்தில் கப்பல் மாலுமிகளுக்கும், வானசாஸ்திரிகளுக்கும், இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்கும் பெரிய பெரிய வாய்ப்பாட்டுப் புத்தகங்கள் தேவைப்பட்டன. சம்பளத்துக்கு ஆள் வைத்து அவற்றைக் கணக்கிட்டார்கள். அந்த ஆட்களுக்குத்தான் அப்போது கம்ப்யூட்டர் என்று பெயர்!

மனிதன் போட்ட கணக்கில் தவறு வரும். அச்சுக் கோக்கும்போது மேலும் தவறு சேரும். நடுக்கடலில் தவறான எண்ணை நம்பினால் கப்பல் என்ன ஆகும்?

1821-ல் ஒரு நாள் பாபேஜும் ஹெர்ஷலும் வானசாஸ்திரக் கணக்குகளைச் சரி பார்த்துக் கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் தனித்தனியே போட்ட ஒரே கணக்கு. ஒத்துப் பார்த்தால் பிழைக்கு மேல் பிழை! பாபேஜுக்கு அலுத்துப் போயிற்று. இந்தக் கணக்கை எல்லாம் நீராவியே போடக் கூடாதா என்றார். அது விளையாட்டுப் பேச்சாக முடியவில்லை. அன்று முதல் அவருக்கு வேறு நினைவு இல்லை.

எந்திரத்துக்குப் பெருக்கத் தெரிய வேண்டாம், கூட்டத் தெரிந்தால் போதும் என்று கண்டார். எப்படி?

1, 4, 9, 16, 25. இவை ஓரோன் ஒன்று, ஈரிரண்டு நாலு என்று வரும் எண்கள். அடுத்தடுத்த எண்களின் வித்தியாசத்தைப் பாருங்கள்: 3, 5, 7, 9. அந்த வித்தியாசங்களுக்குள் வித்தியாசம்? எப்போதும் 2 தான்! ஆகவே 9-உடன் 2-ஐக் கூட்டினால் 11. அந்த 11-ஐ 25-உடன் கூட்டினால் 36. ஆறாறு முப்பத்தாறு! வாய்ப்பாடு மனப்பாடம் இல்லாமலே விடை வந்து விட்டது. இப்படியே எத்தனை தூரமும் போகலாம்.

சக்கரங்கள் இந்தக் கூட்டலைச் செய்யும். விடையை அச்சுத் தகட்டில் எந்திரமே பதிக்கும். மனிதன் கை நடுவில் படவே படாது. இதற்கு வித்தியாச எந்திரம் என்று பெயர் வைத்தார். 1822-ல் சிறிய மாதிரி ஒன்று செய்து காட்டினார். மறு ஆண்டே சர்க்கார் பணம் கொடுக்க முன்வந்தது.

துயரம் சூழ்ந்த ஆண்டு

வேலை தொடங்கியது. ஆனால் 1827-ம் ஆண்டு அவர் குடும்பத்தின் மீது இடி விழுந்தது. அந்த ஒரே ஆண்டில் தகப்பனார் இறந்தார். மகன் ஒருவன் இறந்தான். மனைவி ஜார்ஜியானாவும் இறந்தார்.

அவர்களுக்குப் பிறந்த பிள்ளைகள் எட்டு. பெரியவர்களாக வளர்ந்தது மூன்று மகன்கள் மட்டுமே.

தகப்பனார் விட்டுப் போன சொத்து சுமார் ஒரு லட்சம் பவுன். இனிச் சாப்பாட்டுக்குக் கவலை இல்லை. ஆனால் பாபேஜ் ஐரோப்பா முழுவதும் அலைந்தார். அவர் ரோமாபுரியில் இருந்தபோது, கேம்பிரிட்ஜில் கணிதப் பேராசிரியராக நியமிக்கப்பட்ட செய்தி வந்தது. ஒரு காலத்தில் நியூட்டன் வகித்த பதவி! பாபேஜ் அதில் 11 ஆண்டுகள் இருந்தார். ஒரு நாள் கூட வகுப்பு எடுக்கவில்லை. இது அவருக்குப் பெருமை தரும் செய்தி அல்ல.

அவர் பிறகு மறுமணம் செய்து கொள்ளவில்லை. எந்திரமே துணை ஆயிற்று.

பட்டறையில் தகராறு

எந்திரத்தைச் செய்தவர் ஜோசப் கிளமெண்ட். கை தேர்ந்த தொழிலாளி. பாபேஜ் கேட்ட நுணுக்கத்துக்கு வேலை செய்ய அன்று கருவிகளே இல்லை. முதலில் கருவியைச் செய்து, பிறகு அந்தக் கருவியால் சக்கரத்தைச் செய்ய வேண்டும். கிளமெண்டின் பட்டறையில் ஜோசப் விட்வொர்த் என்ற வாலிபர் வேலை பார்த்தார். பிற்காலத்தில் திருகாணிகளுக்கு ஒரே அளவு வகுத்துப் புகழ் பெற்றவர் இவர்தான்.

மொத்தம் சுமார் 25,000 உறுப்புகள் வேண்டும். 1832-ல் ஏழில் ஒரு பங்கு பூட்டி முடிந்தது. சனிக்கிழமை விருந்தில் பார்த்தோமே, அதுதான் இது. அருமையாக ஓடியது.

அதற்கு மேல் ஓடவில்லை! பட்டறையைத் தம் வீட்டு அருகே கொண்டு வரச் சொன்னார் பாபேஜ். அதற்கு நஷ்ட ஈடு கேட்டார் கிளமெண்ட். பேச்சு முற்றியது. 1833-ல் கிளமெண்ட் ஆட்களை நிறுத்தி விட்டார். கருவிகளும் அவரிடமே தங்கி விட்டன. கருவி தொழிலாளிக்கே சொந்தம் என்பது அந்தக் காலத்து வழக்கம்.

தறி காட்டிய வழி

வேலை நின்ற அந்த நேரத்தில்தான் பாபேஜின் மூளையில் இன்னொரு எந்திரம் உதித்தது. பழைய எந்திரத்துக்கு ஒரு வகைக் கணக்கே தெரியும். புதியதோ எந்தக் கணக்கையும் போடும்!

பிரெஞ்சு நாட்டில் ஜக்கார்டு என்பவரின் பட்டுத் தறி அப்போது பிரபலமாக இருந்தது. துளை போட்ட அட்டைகளைக் கோத்து மாட்டினால், துளைக்குத் தக்கபடி நூல் மேலே எழும்பும். பூவும் கொடியும் தானே விழும். அட்டையை மாற்றினால் வேறு பூ. ஜக்கார்டின் உருவத்தையே 24,000 அட்டைகளைக் கொண்டு பட்டில் நெய்திருந்தார்கள். அதில் ஒன்றைப் பாபேஜ் வாங்கித் தம் வீட்டில் மாட்டி வைத்தார்.

அட்டை சொன்னபடி தறி நெய்யலாம் என்றால், அட்டை சொன்னபடி எந்திரம் ஏன் கணக்குப் போடக் கூடாது? எண்களைச் சேர்த்து வைக்க ஒரு பகுதி. அதற்குக் களஞ்சியம் என்று பெயர். எடுத்துக் கணக்கிட ஒரு பகுதி. அதற்கு ஆலை என்று பெயர். இன்ன விடை வந்தால் இந்த வழி, வேறு விடை வந்தால் வேறு வழி என்று போகவும் ஏற்பாடு. இன்றைய கம்ப்யூட்டரின் முக்கிய அங்கங்கள் எல்லாம் இதில் இருந்தன.

இதை நன்றாகப் புரிந்து கொண்டவர் ஒரு பெண்மணி. கவிஞர் பைரனின் மகள் ஏடா. 17 வயதில், 1833-ல் பாபேஜை முதலில் சந்தித்தார். 1843-ல் இந்த எந்திரம் பற்றிய ஒரு கட்டுரையை மொழிபெயர்த்தார். அதற்கு அவர் எழுதிய குறிப்புகள் கட்டுரையைப் போல மூன்று மடங்கு நீளம்! எண்களை மட்டும் அல்ல, சங்கீதத்தைக் கூட இந்த எந்திரத்திடம் ஒப்படைக்க முடியும் என்று அவர் எழுதினார். பாபேஜ் கூட அவ்வளவு தூரம் யோசிக்கவில்லை. ஏடா 36-வது வயதில், 1852-ல் மரணம் அடைந்தார்.

பிரதம மந்திரியுடன் மோதல்

புதிய எந்திரம் மனத்தில் வந்ததும் பாபேஜ் என்ன செய்தார்? சர்க்காருக்குக் கடிதம் எழுதினார். பழையதை முடிக்கவா, புதியதைத் தொடங்கவா என்று கேட்டார்.

கேட்கலாமா? ஏற்கனவே பணம் கொடுத்தவன் கை நடுங்காதா? அதுவரை சர்க்கார் செலவழித்தது 17,000 பவுன். பாபேஜ் தமக்கென்று ஒரு காசும் எடுத்தது இல்லை. ஆனாலும் எந்திரம் முடியவில்லை என்பது உண்மை. பதில் சொல்லாமல் சர்க்கார் எட்டு ஆண்டுகள் இழுத்தடித்தது. 1842-ல் கை விரித்து விட்டது.

பிரதம மந்திரி ராபர்ட் பீலை நேரில் பார்க்கப் போனார் பாபேஜ். அமைதியாகப் பேசியிருந்தால் ஏதாவது நடந்திருக்கலாம். பாபேஜோ தமக்கு நேர்ந்த அவமானங்களை அடுக்கினார். பீலும் விட்டுக் கொடுக்கவில்லை. பாபேஜ் கோபத்தோடு எழுந்து வந்து விட்டார்.

கிளமெண்ட் மீதும் பீல் மீதும் பழி போடுபவர்கள் உண்டு. சுவீடன் நாட்டில் நடந்ததை அவர்கள் மறந்து விடுகிறார்கள். அங்கே ஷூட்ஸ் என்ற அச்சகக்காரர், பாபேஜின் எந்திரத்தைப் பற்றிப் பத்திரிகையில் படித்தார். தம் மகனோடு சேர்ந்து 1853-ல் ஒரு வித்தியாச எந்திரத்தைச் செய்து முடித்தே விட்டார். பாபேஜின் சக்கரங்களில் இருந்த அழகு அதில் இல்லை. ஆனால் அது ஓடியது, அச்சும் அடித்தது.

பாபேஜுக்குப் பொறாமை வந்ததா? அதுதான் இல்லை! அவர்களைப் புகழ்ந்து, உரிய மரியாதை கிடைக்கவும் பாடுபட்டார். வாதாடும் மனிதரிடம் இப்படி ஒரு பெருந்தன்மையும் இருந்தது.

தெருப் பாட்டின் எதிரி

எந்திரம் ஒரு பக்கம் இருக்க, கண்ணில் பட்டதை எல்லாம் எண்ணிப் பார்ப்பது அவர் சுபாவம். தொழிற்சாலைகளில் ஏறி இறங்கி 1832-ல் ஒரு புத்தகம் எழுதினார். கடிதத்தைத் தூரம் கொண்டு போவதற்கு ஆகும் செலவு கொஞ்சம். வாங்கிப் பிரித்துப் பட்டுவாடா செய்யத்தான் செலவு அதிகம் என்று கண்டு சொன்னார். 1840-ல் இங்கிலாந்தில் வந்த ஒரு பென்னி தபாலுக்கும் இந்த எண்ணமே அடிப்படை.

1857-ல் கண்ணாடி ஜன்னல்கள் உடைந்த 464 சம்பவங்களுக்குக் காரணம் கண்டு அட்டவணை போட்டார். குடிகாரர்களும் பெண்களும் பையன்களும் உடைத்தவை 14!

வயதான காலத்தில் அவரை வாட்டியது தெருப் பாட்டு. கைப்பிடியைச் சுற்றினால் பாடும் பெட்டியோடு வாத்தியக்காரர்கள் தெருத்தெருவாக வருவார்கள். தம் உழைப்பில் கால் பங்கை இந்தச் சத்தம் தின்று விட்டது என்றார் பாபேஜ். போலீசைக் கூப்பிட்டார். கோர்ட்டுக்குப் போனார். கைப்பிடியைச் சுற்றிக் கணக்குப் போட ஆயுள் முழுவதும் பாடுபட்டவருக்கு, கைப்பிடியைச் சுற்றிப் பாடும் பெட்டியே எமனாக வந்தது!

ஊர் சும்மா இருக்குமா? அக்கம் பக்கத்தார் வேண்டும் என்றே வாத்தியக்காரர்களை அழைத்து அவர் ஜன்னல் அடியில் வாசிக்கச் செய்தார்கள். தெருவில் போனால் பையன்கள் கூட்டமாகப் பின்னால் வந்து கத்தினார்கள். வீட்டுக்குள் செத்த பூனைகளை எறிந்தார்கள். ஏழை வாத்தியக்காரனுக்கும் வயிறு இருக்கிறது என்பதைப் பாபேஜ் நினைக்கவே இல்லை. 1864-ல் தெருப் பாட்டைக் கட்டுப்படுத்தப் பார்லிமெண்டில் சட்டமே வந்தது.

பாபேஜ் 1871-ம் ஆண்டு அக்டோபர் 18-ந் தேதி, அதே டார்செட் தெரு வீட்டில் காலமானார். வயது 79. புதிய எந்திரத்தின் படங்கள் அறை நிறையக் கிடந்தன.

பேரன் பேத்தி காலத்துக்கும் பிறகு

மகன் ஹென்றி இந்தியாவில் கம்பெனிப் பட்டாளத்தில் அதிகாரியாக இருந்தவர். ஊர் திரும்பியதும் தந்தையின் எந்திரத்தில் ஆலைப் பகுதியை மட்டும் செய்து, 1910-ல் ஓட்டிக் காட்டினார்.

பாபேஜ் 1849-ல் முடித்து வைத்த இன்னொரு வரைபடமும் இருந்தது. பழைய வித்தியாச எந்திரத்தையே எளிதாக்கிப் போட்ட படம். லண்டன் விஞ்ஞானக் காட்சிசாலைக்காரர்கள் அதை எடுத்தார்கள். அவர் காலத்துப் பட்டறையில் எவ்வளவு நுணுக்கம் சாத்தியமோ, அவ்வளவு நுணுக்கத்தோடு உறுப்புகளைச் செய்தார்கள். 1991-ம் ஆண்டு நவம்பர் மாதம், அவருடைய 200-வது பிறந்த நாளுக்கு ஒரு மாதம் முன்பு, கைப்பிடியைச் சுற்றினார்கள். 31 இலக்கம் வரை விடை சரியாக வந்தது. அச்சடிக்கும் பகுதி 2002-ல் முடிந்தது.

பாபேஜின் மூளையை ஆராய்ச்சிக்காக எடுத்துப் பாதுகாத்தார்கள். அதில் ஒரு பாதி லண்டன் ரண வைத்தியர் கல்லூரிக்குச் சேர்ந்தது. மறு பாதி அந்த எந்திரத்தைச் செய்து ஓட்டிய விஞ்ஞானக் காட்சிசாலைக்கே போய்ச் சேர்ந்தது.